கொலோன் பேராலயத்துக்கு வெளியே சாய்ந்து நிற்கும் கல் வளைவுகள் எதற்கு?

ஜெர்மனியின் கொலோன் பேராலயத்தைச் சுற்றி வந்தால், சுவரிலிருந்து தள்ளி நிற்கும் கனத்த தூண்களும், அவற்றிலிருந்து சுவரை நோக்கிச் சாய்ந்தேறும் கல் வளைவுகளும் தெரியும். இவைதான் முட்டு வளைவுகள்.

உள்ளே சுமார் 43 மீட்டர் உயரத்தில் கல்லாலான வளைவுக் கூரை இருக்கிறது. அதன் பாரம் கீழே இறங்குவதோடு சுவரை வெளிப்பக்கமும் தள்ளும். தார் கனத்த வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோமே, அதே வேலைதான் இங்கும். தள்ளுவிசையை வளைவு வாங்கித் தூணுக்கும், தூண் தரைக்கும் கடத்திவிடும். அதனால் சுவர் தடிமனாக இருக்கத் தேவையில்லை. அந்த இடமெல்லாம் பிரமாண்டமான வண்ணக் கண்ணாடி சன்னல்கள். உள்ளே அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதீர்கள். கிழக்குப் பக்கம் போய்ப் பாருங்கள், வளைவுகள் அங்கேதான் அழகு.

பழைய கட்டடம் சரியாமலிருக்கப் பிற்பாடு வைத்த முட்டு என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படியல்ல, 1248-இல் தொடங்கிய கட்டுமானத்தின் திட்டத்திலேயே இவையும் சேர்ந்தவை.