பரணுக்குப் போகும் படி

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 500-க்கு 462 மதிப்பெண் எடுத்திருக்கிறான். உயிரியல், கணிதம் அடங்கிய பிரிவு எளிதாகக் கிடைக்கும். அவனோ அரசுப் பள்ளியில் தொழிற்கல்வி, அதுவும் அடிப்படை இயந்திரவியல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். "குலக்கல்வியை விரட்டியது இதற்குத்தானா?" என்று என் கணவர் கொதிக்கிறார். மாமனார் பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து எங்களை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர். பையன் எந்நேரமும் எதையாவது அறுத்துக்கொண்டிருப்பான். குளியலறை வாசல் உயரமாக இருக்கிறது என்று மாமியாருக்கு ஒரு மரப்படி செய்தான். அதையும் மூன்று முறை பிரித்து உயரத்தை மாற்றி, அடியில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டினான். பார்க்க அசிங்கமாக இருப்பதால், விருந்தாளிகள் வந்தால் பரணில் போட்டுவிடுவேன். இவன் மனத்தை மாற்றுவது எப்படி?
— வில்லிவாக்கம் வாசகி

பதில்: பத்தாம் வகுப்பு முடிவு வந்தால் இப்படிக் கடிதங்கள் வந்து குவியும். உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்தப் படியைப் பற்றி மட்டும்தான். வந்தவர்கள் காபி குடித்து, கதை பேசி, எழுந்து போக இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை உங்கள் மாமியார் எப்படிக் குளியலறைக்குப் போகிறார்? அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா, நிலையைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்குகிறாரா? வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், உங்கள் கூடத்தின் அழகை யார் வந்து பார்ப்பார்கள்?

படியின் உயரத்தை ஏன் மூன்று முறை மாற்றினான் என்று அவனைக் கேட்டீர்களா? பாட்டியை ஏறச் சொல்லிப் பார்த்திருப்பான். முழங்கால் வலித்திருக்கும், பிரித்திருப்பான். ஈரத் தரையில் மரம் நகர்ந்திருக்கும், டியூபைத் தேடியிருப்பான். தேவையைக் கண்டுபிடி, வரை, செய், சோதித்துத் திருத்து என்று பிரிட்டனில் 1990 முதல் 'வடிவமைப்பும் தொழில்நுட்பமும்' என்ற பெயரில் பள்ளிப் பாடமாக நடத்துவது இதைத்தான். உங்கள் மகன் யாரும் சொல்லித்தராமல் குளியலறை வாசலில் உட்கார்ந்து படித்திருக்கிறான். அந்த வீட்டில் பாட்டியின் கால் வலிப்பதைக் கவனித்தவன் அவன் ஒருவன்தான் போலிருக்கிறது.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. குலக்கல்வி என்று பெயரெடுத்த, 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம், பாதி நாள் பள்ளி போக மீதி நேரம் அப்பனின் தொழிலைக் கற்றுக்கொள் என்றது. பிள்ளையின் விருப்பத்தை அது கேட்கவில்லை. அடுத்த ஆண்டே காமராஜர் அதைக் கைவிட்டார், சரியாகத்தான் செய்தார். இங்கே பையனே வாய்திறந்து கேட்கிறான். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது, சொந்தத் தகப்பனாரின் கையில் இருந்த கிரீஸைப் பார்த்துக் கூசுவது. எனக்கு அதில் கொஞ்சமும் மரியாதை இல்லை.

இனி நடைமுறைக்கு வருவோம். தமிழ்நாட்டில் மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு, பிளஸ் டூ முறை தொடங்கிய 1978 முதலே இருக்கிறது. அதை முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்; பி.இ. கலந்தாய்விலும் தொழிற்பிரிவுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. தரமணியில் இருக்கும் நிஃப்ட் என்ற தேசிய ஆடை வடிவமைப்புக் கல்லூரியின் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கு எந்தப் பிரிவு படித்தவரும் விண்ணப்பிக்கலாம். ஆனால் கட்டடக் கலைஞர் ஆக வேண்டும் என்றால் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் இருந்தாக வேண்டும்; மருத்துவம் என்றால் உயிரியல் வேண்டும். இதையெல்லாம் அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதன் பிறகும் அவன் தொழிற்பிரிவையே கேட்டால் குறுக்கே நிற்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்ணால் பார்த்துவிட்டுச் சேருங்கள். பெயருக்குத் தொழிற்பிரிவு வைத்துக்கொண்டு, ஆசிரியர் இல்லாமல் பட்டறையைப் பூட்டி வைத்திருக்கும் பள்ளிகளும் உண்டு. லேத் ஓடுகிறதா, அதன் மேல் தூசி படிந்திருக்கிறதா என்று உங்கள் கணவரே பையனோடு போய்ப் பார்க்கட்டும். ஃபிட்டர் பெற்ற பிள்ளைக்கு அது தெரியாமல் போகாது.

பையனின் மனத்தை மாற்றும் வழி கேட்டீர்கள். நான் சொல்லப்போவதில்லை. அந்தப் படியை இன்றைக்கே பரணிலிருந்து இறக்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே போடுங்கள். அடுத்த முறை உங்கள் நாத்தனார் வந்து "இது என்ன?" என்று கேட்டால், யார் செய்தது என்று உங்கள் மாமியாரே சொல்லட்டும்.