பழமைவாதிகள் எல்லா மாற்றத்தையும் எதிர்ப்பவர்களா?

திருகோணமலையில் உயர்தர அரசறிவியல் படிக்கும் தங்கை ஒருவரின் கேள்வி இது. இல்லை என்பதே என் பதில்.

பழமைவாதச் சிந்தனையின் முன்னோடியாகக் கருதப்படும் பிரித்தானிய அரசியல்வாதி எட்மண்ட் பர்க்கைப் பாருங்கள். அமெரிக்கக் குடியேற்றங்களின் குறைகளுக்காகப் பிரித்தானிய நாடாளுமன்றத்தில் வாதாடியவர், 1790இல் பிரெஞ்சுப் புரட்சியைக் கண்டித்து நூல் எழுதினார். பல தலைமுறைகளின் அனுபவத்தில் உருவான அமைப்புகளை ஒரு தலைமுறை தன் அறிவை மட்டும் நம்பி வேரோடு பிடுங்கினால், அந்த இடத்தில் வன்முறை வந்து அமரும் என்று அஞ்சினார். ஆனால் மாற வழியில்லாத அரசு தன்னைக் காத்துக்கொள்ளவும் முடியாது என்றவரும் அவரே. 1867இல் பிரித்தானியாவில் நகரத் தொழிலாளர் பலருக்கு வாக்குரிமை தந்த சட்டம் அரசியல்வாதி டிஸ்ரேலி முன்னின்று நிறைவேற்றியது. அவர் பழமைவாதக் கட்சிக்காரர்.

மரபின் வலிமையை நம் ஊரிலேயே காணலாம். கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்து, கற்களைக் கோட்டைக்கு எடுத்தார்கள். அதன் பின்னரும் பக்தர்கள் கோயில் இருந்த சுவாமி மலை உச்சியில் நின்று கடலை நோக்கிப் பூவும் தேங்காயும் படைத்தார்கள். கட்டடம் போயும் வழிபாடு போகவில்லை.

ஆனால் கோயில் கதவைச் சில சாதியினருக்கு அடைத்து வைத்ததும் மரபின் பெயரால்தான். 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசத்துக்காகப் போராடவேண்டி வந்தது. இதற்குப் பர்க்கின் சிந்தனையில் போதிய பதில் இல்லை என்றே நான் உறுதியாக நினைக்கிறேன்.

பிற்போக்குவாதத்தை இதனுடன் குழப்பிக்கொள்ளாதீர்கள், தங்கச்சி. அது கடந்துபோன ஒழுங்கை மீண்டும் கொண்டுவர முயல்வது. பழமைவாதம் இருப்பதைக் காத்து, மெல்லத் திருத்துவது.