நாலு பேருக்காக ஒரு பட்டப்படிப்பா?
வாசகர் கேள்வி – பதில்

(பதில் சொல்பவர் ஓய்வுபெற்ற புள்ளியியல் பேராசிரியை. அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றில் படிப்புகளை மறுஆய்வு செய்யும் குழுவில் ஆறு ஆண்டுகள் இருந்தவர்.)

கேள்வி: நான் தத்துவத் துறையின் தலைவர். இந்த ஆண்டு பி.ஏ.வில் நாலு பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள். மறுஆய்வுக் குழு எங்களைக் 'குறைந்த சேர்க்கை' பட்டியலில் போட்டுவிட்டது. அடுத்த மாதம் குழு முன்னால் போய் நிற்க வேண்டும். தத்துவம் ஏன் அவசியம் என்று பத்துப் பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். போதுமா?

பதில்: போதாது. அதை ஒரு பக்கமாகச் சுருக்குங்கள். கூடவே கால அட்டவணையையும் வருகைப் பதிவேடுகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஏன் சொல்கிறேன் என்றால், நான் அந்த மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருக்கிறேன். எங்களுக்கு ஒரு நீளமான அட்டவணை தருவார்கள். துறைக்கு ஒரு வரி: சேர்ந்தவர்கள் எத்தனை, பட்டம் வாங்கியவர்கள் எத்தனை, ஆசிரியர்கள் எத்தனை, சம்பளம் எவ்வளவு. ஒருமுறை இயற்பியல் வரியில் சேர்க்கை 6, ஆசிரியர்கள் 9 என்று இருந்தது. கூட்டம் தொடங்கும் முன்பே எங்களில் பாதிப் பேர் மனதுக்குள் முடிவு செய்துவிட்டோம். நானும்தான்.

அந்தத் துறைத்தலைவர் அதிகம் பேசவில்லை. நூலால் கட்டிய பதிவேட்டுக் கட்டு ஒன்றை மேசையில் வைத்துப் பிரித்தார். ஆய்வகத்தில் புழங்கிய பதிவேடுகள், ஓரமெல்லாம் கறை. பக்கத்துக்குப் பக்கம் மருந்தியல், விலங்கியல், கணினி அறிவியல் மாணவர்களின் பெயர்கள். பென்சிலை எடுத்துக் கூட்டினேன். நம்ப முடியாமல் மறுபடி கூட்டினேன். அந்த ஒரு செமஸ்டரில் ஒன்பது ஆசிரியர்களிடம் படித்தவர்கள் 412 பேர். எங்கள் அட்டவணையில் அத்தனை பேரும் அவரவர் சொந்தத் துறையின் வரியில் இருந்தார்கள். இயற்பியல் வரியில் வெறும் ஆறு பேர்.

பட்டப்படிப்பு வேறு, பாடம் வேறு. நீங்கள் குழுவுக்குப் புரியவைக்க வேண்டியது இதைத்தான். பி.ஏ. தத்துவத்தை நிறுத்தினாலும், கணினி மாணவர்களுக்குத் தர்க்கம், செவிலியர் மாணவர்களுக்கு அறவியல் என்று யாருக்காவது நீங்கள் பாடம் நடத்திக்கொண்டுதான் இருப்பீர்கள். ஆசிரியரும் தேவை, அறையும் தேவை. அப்படியானால் மிச்சமாவது எவ்வளவு? உங்கள் நாலு பேருக்காக மட்டும் நடக்கும் தாள்கள் எத்தனையோ அவ்வளவுதான். அதை எண்ணிப் பாருங்கள். இரண்டோ மூன்றோ என்றால் மூடுவதில் சேமிப்பே இல்லை. பத்துப் பன்னிரண்டு என்றால் குழு கேட்பதில் நியாயம் இருக்கிறது. அவர்கள் கேட்பதற்கு முன்னால் நீங்களே வழி சொல்லுங்கள்: சிறப்புத் தாள்களை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் இரண்டாமாண்டு, மூன்றாமாண்டு மாணவர்களைச் சேர்த்து வைத்து நடத்தலாம். முதலாமாண்டை வரலாறு, மொழியியல் துறைகளோடு பொதுவாக்கலாம்.

அப்புறம், ஒரு வருட எண்ணிக்கையை வைத்து யாரும் முடிவெடுக்க விடாதீர்கள். ஐந்து வருடக் கணக்கைக் கேளுங்கள். படிப்பின் பெயருக்கு முன்னால் 'பயன்பாட்டு' என்று ஒட்டிவிட்டு உள்ளே அதே பாடத்தை நடத்தும் வேலை மட்டும் வேண்டாம். சேரும் பிள்ளைகளை ஏமாற்றுவது அது.

கேள்வி: வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகத்தில் யாரும் சேராத படிப்புகளை ஏன் கட்டிக் காக்க வேண்டும்? பேராசிரியர்கள் தங்கள் நாற்காலியைத்தானே காப்பாற்றிக்கொள்கிறீர்கள்?

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. நானே ஒரு படிப்பை மூடக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இரண்டு துறைகள் ஏறக்குறைய ஒரே பாடத்திட்டத்தை இரண்டு பெயரில் நடத்திக்கொண்டிருந்தன. ஒன்றாக்கினோம். அதில் எனக்கு இன்றுவரை வருத்தமில்லை. மறுஆய்வே கூடாது என்று நான் சொல்லவில்லை.

ஆனால் அவசரத்தில் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து இரண்டு உதாரணங்கள். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன்ஸ் பாயின்ட் வளாகம் 2018 மார்ச்சில் ஆங்கிலம், வரலாறு, தத்துவம் உள்பட 13 படிப்புகளை நிறுத்தப்போவதாக அறிவித்தது. பெரிய எதிர்ப்பு. வருடக் கடைசியில் அந்தப் பட்டியல் 6 ஆகக் குறைந்தது. 2019 ஏப்ரலில் ஒன்றையும் நிறுத்தவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆசிரியர்கள் பலர் ஓய்விலும் ராஜினாமாவிலும் போனதிலேயே செலவு குறைந்துவிட்டது. அந்த ஒரு வருடத்தில் வரலாறு படிக்கலாமா என்று யோசித்த ஒரு பிள்ளையின் வீட்டை நினைத்துப் பாருங்கள். மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்த படிப்பில் யார் சேர்ப்பார்கள்?

இன்னொன்று மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகம். சுமார் 4.5 கோடி டாலர் பற்றாக்குறை. 2023 செப்டம்பரில் 28 படிப்புகளையும் 143 ஆசிரியர் பணியிடங்களையும் நீக்க ஆட்சிக்குழு வாக்களித்தது. வெளிநாட்டு மொழிகளில் பட்டம் வாங்கும் வழி அடைபட்டது. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்து போராடியும் முடிவு மாறவில்லை. பணநெருக்கடி உண்மைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மொழித்துறையைக் கலைக்க ஒரு வாக்கெடுப்பு போதும். அதைத் திரும்பக் கட்ட ஆசிரியர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும், பாடத்திட்டம் எழுத வேண்டும், நூலகம் சேர்க்க வேண்டும், பிள்ளைகள் நம்பி வர வேண்டும். ஒரு தலைமுறை போய்விடும். தனியார் கல்லூரியில் கட்டணம் கட்ட முடியாத வீட்டுப் பிள்ளை இவற்றைப் படிக்க அரசுப் பல்கலைக்கழகத்தை விட்டால் வேறு எங்கே போகும்? நாற்காலியைப் பற்றிக் கேட்டீர்கள். நான் கவலைப்படுவது அந்தப் பிள்ளையைப் பற்றி.

கேள்வி: நான் இரண்டாமாண்டு மாணவி. என் படிப்பை நிறுத்தப்போகிறார்களாம். என் பட்டம் செல்லுமா? வேறு படிப்புக்கு மாறிவிடட்டுமா?

பதில்: பயப்படாதே அம்மா. முறையாக வாங்கிய பட்டம், படிப்பு பின்னால் நின்றுபோனாலும் செல்லும். பொதுவாக முதலில் நிறுத்துவது புதிய சேர்க்கையைத்தான். ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடிக்கும்வரை வகுப்பு நடத்துவது பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. ஆனால் வாய்ச்சொல்லை நம்பி இருக்காதே. வகுப்பில் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டுப் பதிவாளருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். மூன்று விஷயங்களுக்கு எழுத்தில் பதில் வேண்டும். மீதியுள்ள ஒவ்வொரு தாளையும் யார் நடத்துவார்? செய்முறை வகுப்பு இருந்தால் ஆய்வகம் கடைசி செமஸ்டர்வரை திறந்திருக்குமா? அரியர் வைத்தவர்களுக்குப் பழைய பாடத்திட்டத்தில் எத்தனை வருடம் தேர்வு வைப்பார்கள்?

இந்த மூன்றாவதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஒரே ஒரு தாள் பாக்கி இருந்து, கேள்வித்தாள் தயாரிக்க ஆள் இல்லை என்று இரண்டு வருடம் அலைந்த ஒரு பையனை எனக்குத் தெரியும். மாறுவதைப் பற்றி அந்தப் பதில் கையில் வந்தபிறகு யோசி. அதற்கு முன் மாறினால், இதுவரை சேர்த்த கிரெடிட்டில் எத்தனையை அங்கே ஏற்பார்கள் என்பதைக் கையொப்பத்தோடு வாங்கிக்கொண்டு மாறு. கடிதத்தின் நகல் ஒன்றில் 'பெற்றுக்கொண்டேன்' என்று முத்திரை போட்டு வாங்கிப் பத்திரமாக வை.