பாட்டியின் முடக்குவாதமும் பேத்தியின் மேற்படிப்பும்: குடியாத்தத்துத் தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

நீட் தேர்வை மறுபடியும் எழுத மாட்டேன், அழற்சியைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் போகிறேன் என்று மகள் பிடிவாதமாக நிற்பதாகவும், அந்தப் படிப்பு சோறு போடுமா என்ற கவலையில் உறக்கம் வரவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். தறியை நம்பிப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விதான் அது.

உங்கள் தாயாருக்கு முடக்குவாதமும் சர்க்கரையும் சேர்ந்தே இருப்பதாகவும், வேலூருக்குச் சிகிச்சைக்கு அழைத்து வருவது மகள்தான் என்றும் சொல்லியிருந்தீர்கள். அவருடைய ஆசை அங்கேதான் முளைத்திருக்க வேண்டும். காயம் பட்ட இடம் சிவந்து வீங்கிச் சூடாவதுதான் அழற்சி; அது உடலின் காவல் வேலை. ஆறியதும் அது அடங்கிவிட வேண்டும். முடக்குவாதத்தில் அடங்காமல் சொந்த மூட்டையே அரிக்கிறது. உடல் பருமனோடு வரும் சர்க்கரை நோயிலோ கொழுப்புத் திசுவுக்குள் வெளியே தெரியாமல் கனன்றுகொண்டிருக்கிறது. அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்னும் புரதம் இரண்டிலும் தலைகாட்டுகிறது. 1990-களில் லண்டனில் மார்க் ஃபெல்ட்மானும் ரவீந்தர் மைனியும் அந்தப் புரதத்தை முடக்கும் மருந்தை முடக்குவாத நோயாளிகளுக்குக் கொடுத்தபோது வலியும் வீக்கமும் குறைந்தன. அதே காலத்தில், 1993-ல், பருத்த எலிகளில் இதைத் தடுத்தபோது இன்சுலின் நன்றாக வேலை செய்தது. ஆனால் சர்க்கரை நோயாளிகளிடம் முயன்றபோது அந்தப் பலன் கிட்டவில்லை. ஒரே புரதம், ஓரிடத்தில் மருந்துக்குப் பணிகிறது, இன்னோரிடத்தில் பணிவதில்லை. ஏன் என்பது இன்னும் முழுதாக விளங்காத கேள்வி. இம்மருந்துகள் உடலில் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும் என்பதால், காசநோய் மிகுந்த நம் நாட்டில் இந்த ஆய்வுக்குத் தனி அவசரமும் உண்டு.

ஆகவே மகள் கேட்பது வீண் ஆசை அன்று. ஆனால் நீண்ட பாதை. இளநிலை மூன்று ஆண்டு, முதுநிலை இரண்டு ஆண்டு, அதன்பின் முனைவர் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு வரை ஆகும். இதை மறைத்து உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், அந்தப் பத்து ஆண்டும் உங்கள் கைப்பணத்தில் ஓட வேண்டியதில்லை. மத்திய அறிவியல் ஆய்வு மன்றம் நடத்தும் சி.எஸ்.ஐ.ஆர்.-நெட் தேர்விலோ மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையின் தேர்விலோ இளநிலை ஆய்வாளர் உதவித்தொகைக்குத் தேறினால் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கும். தங்கும் விடுதி தராத நிறுவனமானால் வீட்டு வாடகைப்படியும் உண்டு.

என் ஆலோசனை இது. கவர்ச்சியான பெயர் வைத்த பட்டப்படிப்புக்கு லட்சக்கணக்கில் கட்டாதீர்கள். அருகிலுள்ள அரசுக் கல்லூரியிலோ அரசு உதவி பெறும் கல்லூரியிலோ உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், விலங்கியல் இவற்றுள் ஒன்றை எடுத்து நன்றாகப் படித்து, மூன்றாம் ஆண்டில் ஐ.ஐ.டி. ஜாம், காட்-பி ஆகிய நுழைவுத் தேர்வுகளை எழுதினால் நாட்டின் நல்ல முதுநிலைப் படிப்புகளில் இடம் கிடைக்க வாய்ப்புண்டு. ஓர் ஆண்டு காத்திருக்க முடியுமானால், மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களுக்கான நுழைவுத் தேர்வையும் எழுதலாம்; காட்பாடியிலிருந்து ரயிலில் போய்வரும் தொலைவில் திருப்பதியிலேயே ஓர் ஐசர் இருக்கிறது. அத்தேர்வில் கணிதமும் உண்டு என்பதால், மகள் பன்னிரண்டில் கணிதம் படித்தாரா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விரைவில் சம்பளம் வேண்டும் என்ற நிலை வீட்டில் இருந்தால், மருத்துவ ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் படிப்பு நல்ல வழி. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யிலேயே அது உண்டு. 1900-ல் ஒரே கட்டிலோடு மருத்துவர் ஐடா ஸ்கடர் தொடங்கிய இடம் அது. ஆய்வுக்கூட வேலையில் சேர்ந்தபின் ஆராய்ச்சிக்குத் திரும்புவது கடினமானாலும் முடியாததன்று.

எதையும் முடிவு செய்வதற்கு முன், பாட்டியை அடுத்த முறை அழைத்து வரும் நாளில் மகளையும் என் அறைக்கு அனுப்புங்கள். மதிப்பெண் பட்டியலைக் கையோடு கொண்டுவரட்டும்.