தொண்டித் தம்பிக்கு, கத்தார் வேலை பற்றி
தம்பி, கத்தாரில் சேர்ந்துவிட்டால் இரண்டு வருடம் கம்பெனி மாற முடியாது என்று ஏஜென்ட் சொன்னதாகவும், அவர் 1 லட்சம் ரூபாய் கேட்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். முதல் பேச்சு பழைய கதை. நான் கீழக்கரையிலிருந்து அங்கே போன காலத்தில் அப்படித்தான். வேறு நல்ல வேலை கிடைத்தும் என் கம்பெனி என்ஓசி (போவதற்கு ஆட்சேபம் இல்லை என்ற கடிதம்) தராததால் அதே சம்பளத்தில் கிடந்தேன், அந்த வலி இன்னும் போகவில்லை. 2020-ல் சட்டம் மாறிவிட்டது, இப்போது என்ஓசி தேவையில்லை, வேலையில் சேர்ந்து இரண்டு வருடத்துக்குள் மாறுவதென்றால் ஒரு மாத நோட்டீஸ், அதற்கு மேல் இரண்டு மாதம், அவ்வளவுதான். அதனால் நல்ல ஆளை நிறுத்திவைக்க வேண்டுமானால் முதலாளி சம்பளத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். அங்கே சட்டப்படி குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 1,000 ரியால், தங்குமிடம் தராவிட்டால் இன்னும் 500, சாப்பாடு தராவிட்டால் 300.

சரி, அந்த 1 லட்சம்? கொடுக்காதீர்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம், ரசீதோடு. முதலில் இ-மைக்ரேட் என்ற இந்திய அரசின் இணையதளத்தில் அவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். அப்புறம் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.