பின்னணி இசையில் உதவியாளர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கீபோர்டில் எட்டாம் கிரேடு முடித்திருக்கிறேன். சொந்த மெட்டுகள் நிறைய இருக்கின்றன. சென்னையில் ஓர் இசையமைப்பாளரிடம் உதவியாளராகச் சேர ஆசை. மெட்டுகளை அனுப்பினால் யாரும் பதில் போடுவதில்லை. என்ன செய்யலாம்?

க., திண்டுக்கல்

அன்புள்ள க.,

மெட்டு இசையமைப்பாளர்களிடமே இருக்கிறது. ஆள் தேவைப்படுவது புரோகிராமிங்குக்கும் (கணினியில் இசையை உருவாக்குவது) நொட்டேஷனுக்கும் (வாசிப்பவர்களுக்குத் தாளில் எழுதுவது). அதிலும் பாடல்களைவிட ரீ-ரெக்கார்டிங்கில், அதாவது படத்தின் பின்னணி இசையில்தான் தேவை அதிகம். ரிலீஸ் நெருங்க நெருங்க ரீல் ரீலாக வேலை குவியும்.

ஸ்ட்ரிங்ஸ் செஷனையே, அதாவது வயலின், வியோலா போன்ற தந்தி வாத்தியங்களின் ஒலிப்பதிவையே எடுத்துக்கொள்ளுங்கள். கணினியில் நாம் பயன்படுத்தும் சாம்பிள் (முன்பே பதிந்து வைத்த) வயலின் ஒலி மெல்ல எழும். அது தாளத்தில் உட்கார வேண்டும் என்பதற்காக மிடி நோட்டுகளை, அதாவது எந்த ஸ்வரம் எப்போது ஒலிக்க வேண்டும் என்ற கணினிக் குறிப்புகளை, சற்று முன்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அதை அப்படியே அச்செடுத்தால் தாள் முழுக்கத் துண்டு துண்டான ரெஸ்ட்டுகளும் (மௌனக் குறிகள்) தேவையில்லாத டைகளுமாக (ஸ்வரங்களை இணைக்கும் வளைகோடுகள்) வந்து நிற்கும். எவ்வளவு தேர்ந்த கலைஞராலும் பார்த்தவுடன் வாசிக்க முடியாது. மிடியைப் பிரதி எடுத்து, பிரதியை மட்டும் குவான்டைஸ் செய்து (நோட்டுகளைத் தாளத்தோடு நேராக்கி) எழுதுங்கள். வியோலாவுக்கு ஆல்டோ கிளெஃப் (எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று காட்டும் குறி). வயலினுக்குரிய டிரெபிளில் கொடுத்துவிட்டால் திருத்தி முடிப்பதற்குள் முழுக் குழுவின் கால்ஷீட்டும் கரையும். கிளிக்கில் (காதில் ஒலிக்கும் தாளத் தட்டில்) வாசிப்பு தொடங்குமுன் இரண்டு பார் (தாளச் சுற்று) கவுன்ட் வையுங்கள். பார் எண்கள் எல்லாத் தாளிலும் ஒன்றாக இருக்கட்டும்.

படத்துக்கு வழக்கமாக விநாடிக்கு 24 ஃபிரேம்; ஒலிக்கு 48 கிலோஹெர்ட்ஸ் (விநாடிக்கு 48,000 மாதிரிகள்), 24 பிட். 44.1-இல் பதிந்த கோப்பு மாற்றப்படாமல் 48-இல் ஓடினால் வேகமும் கூடும், சுருதியும் ஏறத்தாழ ஒன்றரை செமிடோன் (அரைஸ்வர இடைவெளி) ஏறும். ரீலின் தொடக்கத்தில், படம் ஆரம்பிக்க இரண்டு விநாடி முன்பு, படமும் ஒலியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதற்காக ஒரு பிப் ஒலி வரும். வேலையைத் தொடங்குமுன் அது சரியான ஃபிரேமில் விழுகிறதா என்று பாருங்கள். எடிட் மாறிப் புதிய ரீல் வந்தால் பழைய செஷன் கோப்பைத் தொடாமல் வேறு பெயரில் சேமியுங்கள்.

சம்பளத்தை முதலிலேயே பேசிவிடுங்கள், டைட்டிலில் பெயர் வருமா என்பதையும் சேர்த்து. 2012 காப்புரிமைச் சட்டத் திருத்தம் ராயல்டியில் இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் பாதுகாப்பு தந்தது. புரோகிராமருக்கு ஒப்பந்தத்தில் உள்ளதுதான். இதைக் கேட்கத் தயங்கிப் பல திறமையானவர்கள் பெயரில்லாமலே போயிருக்கிறார்கள். எனக்கு அது பெரிய வருத்தம்.

இனி மெட்டுகளை அனுப்பாதீர்கள். இரண்டு நிமிடக் காட்சி ஒன்றுக்கு இசை செய்து, ஸ்ட்ரிங்ஸ், தாளம், பேஸ், கீஸ் என ஸ்டெம்களாக (வாத்திய வகைக்கு ஒரு தனி ஒலிக்கோப்பு) பிரித்து, எல்லாம் ஒரே புள்ளியில் தொடங்கும்படி எடுங்கள். ரிவெர்ப் (ஒலிக்குப் பின் நீளும் எதிரொலி) முழுதாக அடங்கும்வரை விட்டு வெட்டுங்கள். வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் அவற்றைத் திறந்து, வீடியோவோடு பொருந்துகிறதா என்று பார்த்தபின், நொட்டேஷன் தாளோடு சேர்த்து அனுப்புங்கள்.