தர்மபுரியில் இருந்துகொண்டு விஸ்காம் பட்டம் படித்து என்ன செய்வது?

கேட்டிருக்கும் தங்கைக்கு +2 முடிந்திருக்கிறது. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன், அதாவது காட்சி ஊடகப் படிப்பு) சேர ஆசை. வீட்டிலோ "போட்டோ பிடிக்கவா காலேஜ்? பி.எட். முடிச்சா டீச்சர் வேலையாவது வரும்" என்கிறார்களாம். 2014-இல் பென்னாகரம் பக்கத்து எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

சேருங்கள். "ஆசை காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்காதே" என்று யாராவது வருவார்கள் என்று தெரியும். என் முதல் சம்பளம் 8,000 ரூபாய், மறைக்கவில்லை. என் அனுபவத்தைத்தான் சொல்கிறேன், எல்லாருக்கும் இப்படியே அமையும் என்று சொல்லவில்லை.

மூன்றாம் வருட ப்ராஜெக்டுக்கு எங்கள் ஊர்த் தண்ணீரை எடுத்தேன். நம் பக்கம் போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பல் உருவாகும் வயதில் அதைக் குடித்து வளர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறிவிடும், தேய்த்தாலும் போகாது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் தெருவில் "ஆத்துத் தண்ணி சப்புனு இருக்கு" என்று போர் தண்ணீரையே காய்ச்சிக் குடித்தார்கள். காய்ச்சினால் ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். தொட்டியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஒருவரும் படிக்கவில்லை. அங்கன்வாடி அக்கா சத்துமாவு கொடுக்கும்போது வாயால் சொன்னார். அடுத்த வாரம் காவிரித் தண்ணீர்க் குழாயில் குடம் வரிசை கட்டியது. ஊடகம் சொல்வது, மக்கள் நம்பும் ஆள் வழியாகத்தான் அவர்களிடம் போய்ச் சேரும் என்று ஊடக ஆய்வாளர்கள் காட்ஸும் லாசர்ஸ்ஃபெல்டும் 1955-இல் எழுதியதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்திருந்தேன். குழாயடியில் நின்றபோதுதான் அது புரிந்தது.

அந்த ப்ராஜெக்ட் படத்தில் எங்கள் ஆயா, அதாவது என் பாட்டி, பேச வேண்டும். திண்ணையில் உட்கார வைத்து கேமராவைத் திருப்பினால் முந்தானையால் வாயை மூடிக்கொள்வார். "இன்னா கண்ணு, எம் பல்லைக் காட்டி ஊரு சிரிக்கவா?" மூன்று நாள் இப்படியே போனது. நான்காம் நாள் கேமராவை ஓரமாக வைத்துவிட்டு, அவரோடு உட்கார்ந்து அவரைக்காய் உரித்தேன். பாதி முறம் நிறைந்திருக்கும். "இப்ப எடு" என்றார். முந்தானையை இறக்கிவிட்டு, பெண் பார்க்க வந்த அன்று வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். என் கை நடுங்கி ஃபோகஸ் கொஞ்சம் நழுவியது. மாற்றாமல் அப்படியே விட்டேன்.

இப்போது ஓசூரில் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி வீடியோ செய்கிறேன். தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தி என்று நாலு மொழி ஆட்கள், மெஷின் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. அதனால் கையை எங்கே வைக்கக் கூடாது என்பதைப் படத்திலேயே சொல்லிவிட வேண்டும். பத்திரிகை, சினிமா இரண்டைத் தவிர இந்தப் படிப்புக்கு வேலையே இல்லை என்பவர்கள் ஒருநாள் ஓசூர் வந்து பார்க்கட்டும்.

ஒரு எச்சரிக்கை. சேரும் முன் கல்லூரிக்கு நேரில் போய் கேமராவைக் கையில் வாங்கிப் பாருங்கள். நான் படித்த இடத்தில் லேப் கட்டணம் வாங்கிக்கொண்டு கேமராவை பீரோவில் பூட்டி வைத்திருந்தார்கள். ஆயா படம்கூட வாடகை கேமராவில் எடுத்ததுதான். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டமும் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிறது. அங்கேயே இதழியல் துறை இருக்கிறது, மேலே படிக்க விரும்பினால் விசாரியுங்கள்.

இன்னொன்று, கேட்காத விஷயம்தான். சாயங்கால வெளிச்சம் நன்றாக வரும் நேரத்தில் கடைசி டவுன் பஸ்ஸைப் பிடிக்க ஓடியே என் மூன்று வருடம் போனது. சொல்லாமல் கொள்ளாமல் ட்ரிப்பை நிறுத்திவிடுவார்கள். ஒருநாள் இருட்டில் நாலு கிலோமீட்டர் தனியாக நடந்தேன். "பொண்ணுக்கு எதுக்கு இந்தப் படிப்பு" என்று அன்றுதான் அப்பா கேட்டார். பஸ் வராததற்கு என் படிப்பு என்ன செய்யும்? நாலு பேர் எழுதிக் கொடுத்தோம், இன்னும் அதே கதைதான்.

ஆயா படம் 11 நிமிடம், என்னிடம் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்குக் காட்ட வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்பி வைக்கிறேன்.